அடுப்பு என்று சொன்ன கை

வாசிக்கிறவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம். அதற்கென்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் கேட்டால் போதும். கேட்டபின், கேட்கவில்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

என் அக்காளின் கணவர், வளைகுடா நாடொன்றின் மருத்துவமனையில், வலக்கை வெந்து கிடந்தபோது, அது எப்படி நேர்ந்தது என்று கேட்ட மருத்துவரிடம் "அடுப்பு" என்று பதில் சொன்னார். அது பொய். அந்தப் பொய்யை அவர் அந்த நாட்டில் கற்கவில்லை. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் இளவயதிலேயே மனப்பாடம் செய்து, கடவுச்சீட்டோடும் மாற்றுச் சட்டைகளோடும் சேர்த்துக் கடல் கடந்து கொண்டுபோயிருந்தார்.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். முறையாக நடக்கும் பட்டாசு ஆலைகள் உண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் சீசனில் ஆர்டர் குவியும்போது, உரிமம் இல்லாத தகரக் கொட்டகைகளிலும் மருந்து கலக்கப்படும். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்கிற பொடியை. அங்கே ஒருவருக்குத் தீ பட்டுவிட்டால், அவரை வண்டியில் ஏற்றும்போதே கம்பெனி ஆள் ஒருவரும் கூட ஏறிக்கொள்வார். மருத்துவமனை வாசல் வரும் வரைக்கும் பாடம் நடக்கும்.

"அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிரு. கம்பெனின்னு வாய் தவறுனா கேஸ் ஆயிரும். சீல் வச்சிருவாக. அம்புட்டுப் பேரு பொளப்பும் போயிரும்."

தோல் உரிந்து தொங்குகிறவர் தலையை ஆட்டுவார். ஊரார் பிழைப்பைக் காக்கும் பொறுப்பு, அந்த ஊரிலேயே அதிகமாக வலித்துக்கொண்டிருப்பவன் நாக்கில் வைக்கப்படும். இவ்வளவு கொடிய ஏற்பாட்டை, பேச்சுப் போட்டிகளில் பேசிப் பழகிய நான் இதுவரை எந்த மேடையிலும் எதிர்த்துப் பேசியதில்லை. ஏனென்றால் இதை ஒரு தலைப்பாகக் கொடுக்க எவருக்கும் துணிவு வந்ததில்லை.

அத்தானுக்கு அந்தப் பாடம் கல்யாணமான புதிதில் கிடைத்தது. மருந்துக் கலவை அறையில் இடது மணிக்கட்டு வெந்தது. அடுப்பு என்றார். நம்பினார்கள். நம்பியது மருத்துவமனை மட்டுமாக இருந்திருந்தால் போகட்டும். ஊரும் நம்பியது. அவருடைய அத்தை ஒருத்தி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் அக்காளைக் கேட்டாள்: "ஏம்மா, வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள புருசன அடுப்படிக்கு அனுப்பிட்டியா? நீ என்ன, கால் மேல கால் போட்டுட்டு இருந்தியா?" அக்காள் அன்றைக்கும் அதே கம்பெனியில் திரி கட்டும் வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். உண்மையைச் சொன்னால் கம்பெனி போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தீபாவளிக்குக் கம்பெனியிலிருந்து அத்தானுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் வந்தது. உள்ளே பட்டாசு.

இனி என்னைப் பற்றிச் சுருக்கமாக. விருதுநகரில் கல்லூரி படித்த காலத்தில், மாவட்டத்தில் பேச்சுப் போட்டி எங்கு நடந்தாலும் என் பெயர் இருக்கும். காரியாபட்டியில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கி நின்றுபோனபோது, கடைசி வரிசை வரைக்கும் குரலாலேயே பேசி முடித்தவன் நான். எந்தத் தலைப்பையும் வெட்டியும் ஒட்டியும் பேசத் தெரியும்; ஆங்கிலத்திலும் அப்படியே. அந்த ஆங்கிலம்தான் எனக்கு அந்த நாட்டில் வேலை வாங்கித் தந்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குத் தாள்கள் தயாரிக்கும் அலுவலக வேலை. அத்தான் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு பெயிண்ட் குடோனில் லோடு இறக்குவதும் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டின்களைப் பிரித்து ஊற்றுவதும் அவர் வேலை. பட்டாசை விட்டுப் பெயிண்டுக்குப் போனவர். தீயை விட்டு அவர் தூரம் போய்விட்டதாக வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம்.

ஒரு நாள் அலுவலக நேரத்தில், அத்தானோடு அறையில் தங்கியிருக்கும் தென்காசிக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்க அத்தான் கை நாறுது. நீங்க வந்து பாக்கணும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

போனேன். இரும்புக் கட்டிலில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். கட்டு மஞ்சளாகியிருந்தது. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"என்ன அத்தான் இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. அடுப்புல பட்டுருச்சு."

நான் தென்காசிக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அந்த அறையில் சமைப்பவர் அவர். அத்தானுக்கு ஒதுக்கப்பட்டது பாத்திரம் கழுவும் வேலை. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர் அவர் என்பது எங்கள் வீட்டில் கதையாகவே பேசப்படும். நான் அழுத்திக் கேட்டபோது உண்மை வந்தது. குடோனில் தின்னர் ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு மிக அருகிலேயே ஒருவரை வெல்டிங் செய்ய விட்டிருக்கிறார்கள். பொறி பறந்தது. சூப்பர்வைசர் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். காரில் பாடம் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

"அவரு 'எப்பிடிச் சொல்லப் போறே தம்பி'ன்னு மட்டும்தான் கேட்டாரு. நானே அடுப்புன்னு சொல்லிட்டேன். 'ஊர்க்காரன்டா நீ'ன்னு முதுகுல தட்டுனாரு."

வாசிக்கிறவரே, அந்தத் தட்டலை நினைவில் வையுங்கள்.

ஒரு டாக்ஸி பிடித்து அதே மருத்துவமனைக்கு அத்தானைக் கூட்டிப்போனேன். கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, நறுமணம். அங்கே முதல் கேள்வி 'எங்கே வலிக்கிறது' என்பதல்ல. 'அட்டை எங்கே' என்பது. காப்பீட்டு அட்டையை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்த பெண், புன்னகை மாறாமல் சொன்னாள்: தங்குமிடத்தில் சமைக்கும்போது நேர்ந்த விபத்து என்று பதிவாகியிருக்கிறது, தொழிலாளர் அறைகளில் சமைப்பது தடைசெய்யப்பட்டது, ஆகவே முதலுதவிக்கு மேல் இந்த அட்டை எதையும் ஏற்காது. வேலையிடத்தில் நேர்ந்ததாக இருந்திருந்தால் முழுச் சிகிச்சையும் கம்பெனியின் பொறுப்பு. வேறு கேள்வியே இல்லை.

எங்கள் ஊரில் அவரைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட சொல், அங்கே அவரையே குற்றவாளியாக்கியிருந்தது.

நான் பேசினேன். பேசத்தானே பிறந்திருக்கிறேன். மனித மாண்பில் தொடங்கி, உழைப்பின் உரிமை வழியாக, அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவளின் மனச்சாட்சி வரைக்கும் ஆங்கிலத்தில் ஏறி இறங்கினேன். வரிசையில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். முடிந்ததும் அந்தப் பெண் அதே புன்னகையோடு மருத்துவரைப் பார்க்கச் சொன்னாள்.

மருத்துவர் எகிப்து நாட்டவர். கூட இருந்த செவிலி மலையாளி. கட்டைப் பிரித்துப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும், தாமதித்தால் விரல்கள் மடங்காமல் போகும் என்றார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டை விரலால் தொட்டுக் காட்டி, இது என்ன சமையல் என்று கேட்டார். நான் உடனே தொடங்கினேன்: "ஐயா, உண்மையில் நடந்தது—"

அவர் கையை உயர்த்தினார். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வர வேண்டுமானால் காரணத்தை மாற்றி எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் நோயாளியே சொல்ல வேண்டும். உறவினர் சொல்லி எழுத முடியாது. செவிலி அதை எனக்குத் தன் தமிழில் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்:

"நீங்க பேசண்டா. அவரு பறயட்டே."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுப்புதான்" என்றார்.

வெளியே நடைக்கூடத்தில் அவரை உட்கார வைத்தேன். எனக்கு வந்த கோபத்தில், வெந்த கை என்றும் பாராமல் உலுக்கியிருப்பேன்.

"அத்தான், வலது கை. விரல் மடங்காதுன்னு சொல்றாரு. காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு மாப்ள. அந்தக் குடோன்ல எம்புட்டுப் பேரு இருக்கான் தெரியுமா? ஒவ்வொருத்தனும் ஊர்ல கடன வாங்கிட்டு வந்தவன். நான் சொல்லி, சீல் வச்சிட்டா?"

"இது விஸ்வநத்தம் இல்ல."

"சீலு எல்லா ஊருலயும் சீலுதான்."

இதற்கு எதிராக என்னிடம் வாதங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வைத்தேன். மறுத்துப் பேசினால் நான் வெல்வேன் என்பது அத்தானுக்குத் தெரியும். அதனால் அவர் மறுக்கவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் ஆட்டும் அதே தலையாட்டல். என் குரலும் அவர் காதில் பாடம் சொல்கிறவன் குரலாகவே விழுகிறது என்பதைக் கண்டு எனக்குச் சுருக்கென்றது.

வேறு வழியில்லாமல் அக்காளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கைகழுவக்கூட இல்லை, உள்ளங்கை முழுக்க அலுமினியப் பொடியின் வெள்ளிச் சாம்பல். முதலில் அவள் பார்த்தது கட்டை. அப்புறம் கணவனை.

"என்னங்க இது? எப்பிடி ஆச்சு?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல. அடுப்பு..."

 அந்தப் பளிங்கு நடைக்கூடம் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அவள் கத்தினாள்.

"அடுப்பா? அங்கயும் அடுப்பா? சுடுதண்ணி வைக்கத் தெரியுமா உங்களுக்கு? இங்கன அடுப்புன்னு சொன்னீக, அந்தப் பழி எந்தலையில விழுந்துச்சு. இன்னைக்கி வரைக்கும் உங்க அத்தை என்னையக் கண்டா 'புருசன வேக வச்சவ வந்துட்டா'ங்குறா. அங்கன யாரு தலையில போட்டீக? அங்க எத்தனை பொண்டாட்டி வச்சிருக்கீக, பழி ஏத்துக்க?"

எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தமிழர் சிரித்துவிட்டார். அத்தான் கூனிக் குறுகினார்.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்! ஏலே தம்பி, போன அவரு மூஞ்சிக்கு நேரா வைலே. இந்தா பாருங்க. கம்பெனியக் காப்பாத்துனது போதும். அந்தக் கம்பெனி நம்மளுக்கு என்ன குடுத்துச்சு? ஒரு பொட்டி வெடி. அதையும் நீங்க கட்டுப் போட்ட கையோட பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு வந்தீக. இப்பப் போயி நடந்ததச் சொல்லுங்க. சொல்லாம வீட்டுக்கு வந்தீகன்னா, வாற அன்னைக்கே சோறாக்க உங்கள விட்டுருவேன். பொய் மெய்யாப் போகட்டும்."

சொல்லிவிட்டு அழுதாள். சாம்பல் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளியாக மின்னியது. அத்தான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். நான் முன்னால் போகப் பார்த்தபோது, "நீ வா, ஆனா பேசாத மாப்ள" என்றார்.

உள்ளே போய் நின்றவர் தமிழில் சொன்னார், செவிலி மொழிபெயர்த்தாள்.

"அடுப்பு இல்லீங்க. தின்னரு. குடோன்ல. பக்கத்துல வெல்டிங் நடந்துச்சு. சூப்பர்வைசரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

மருத்துவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, முதலிலேயே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். கடிந்து கேட்கவில்லை; புரியாமல் கேட்டார்.

அத்தான் சொன்னார்: "எங்க ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவோம்."

செவிலி அதை மொழிபெயர்த்தாள். மருத்துவருக்கு விளங்கவில்லை. விளக்கம் வேண்டி என்னைப் பார்த்தார். எத்தனையோ கோப்பைகளை வென்ற என் நாக்கு, என் ஊரைப் பற்றி அந்த அந்நியருக்கு ஒரு வாக்கியம் சொல்ல எழவில்லை.  எதைச் சொல்லி விளக்குவது? எரிந்தவனே எரித்தவனுக்கு வக்கீலாக இருக்கப் பழக்கப்பட்ட ஊர் எங்கள் ஊர் என்றா?

ஒப்புதல் வந்தது, அறுவைச் சிகிச்சையும் நடந்தது. அந்த நாட்டைப் போற்றுவதற்காக இதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். மொழி தெரியாத தொழிலாளியை, அவனுடைய சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே 'எப்படிப் பட்டது' என்று கேட்டு, வந்த பதிலை வேதமாக எழுதிக்கொண்ட மருத்துவமனை அது. நாகரிகம் என்பது கண்ணாடிச் சுவரில் இல்லை. அந்தச் சூப்பர்வைசரைச் சற்று வெளியே நில்லுங்கள் என்று சொல்வதில் இருக்கிறது. அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

ஆனால் குடோனுக்குச் சீல் வைக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், வெல்டிங்கை வேறு கொட்டகைக்கு மாற்றச் சொன்னார்கள், தீயணைப்பு உருளைகளை மாட்டச் சொன்னார்கள். வேலை நடந்தது. ஒருவர் பிழைப்பும் போகவில்லை. அத்தான் தன் விரல்களைக் கொடுத்துக் காப்பாற்ற நினைத்தது எதுவும் ஆபத்தில் இருக்கவே இல்லை. சூப்பர்வைசர் மட்டும் என்னைப் பார்த்தபோது, "பேச்சாளரு ஊர்க்காரனக் காட்டிக் குடுத்துட்டாரு" என்றார். காட்டிக்கொடுக்கப்பட்ட ஊர்க்காரன் யார் என்று திருப்பிக் கேட்டேன். 

தாமதம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அத்தான் ஊர் திரும்பினார்; விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூட வந்தேன். அக்காள் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கை உருவம் செலுத்துவதாக நேர்ந்திருந்தாள். கோவில் வாசல் கடையில் வாங்கிய தகட்டுக் கையில் ஐந்து விரல்களும் நேராக, குறையின்றி இருந்தன. அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மனுக்குக் குடுக்குற கை ஜோராத்தான் இருக்கு" என்றார். அக்காள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போய்வந்தோம். ஒரு நாள் காலையில், வெளிநோயாளிகள் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். நடுத்தர வயது. முன்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. இன்னொரு கையின் உள்ளங்கை வெள்ளிச் சாம்பலாக மின்னியது. பக்கத்தில் நின்ற கம்பெனி ஆள் குனிந்து அவள் காதில் பேசிக்கொண்டிருந்தார்.

"அடுப்புன்னு சொல்லிரு, அக்கா. பொம்பள ஆளு, யாரும் சந்தேகப்பட மாட்டாக. என்ன, வெளங்குச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அத்தான் வரிசையை விட்டு விலகி அவள் முன்னால் போய் நின்றார். இடக்கையின் தழும்பையும் வலக்கையின் மடங்காத விரல்களையும் ஒன்றாக நீட்டினார்.

"அக்கா, இங்கன பாருங்க. இது விஸ்வநத்தத்துல அடுப்புன்னு சொன்ன கை. இது வெளிநாட்டுல அடுப்புன்னு சொன்ன கை. எனக்கு இனிமேச் சொல்லக் கை இல்ல. நீங்க சொல்லாதீக."

"ஏலே, யாருலே நீ?" கம்பெனி ஆள் நிமிர்ந்தார். "உன் சோலியப் பாத்துட்டுப் போலே."

"என் சோலி இதுதாண்ணே. இதப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அத்தானின் விரல்களைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டாள்:

"நான் சொல்லிப்புட்டா நாளைக்கு என்னைய யாரு வேலைக்குக் கூப்பிடுவாக?"

வாசிக்கிறவரே, இதுதான் கேள்வி. எந்த மேடையிலும் எந்த நடுவரும் இதை எனக்குத் தந்ததில்லை. சீல் வைக்க மாட்டார்கள் என்று நான் அவளுக்குச் சொல்ல முடியாது, இங்கே வைப்பார்கள். வேலை போகாது என்றும் சொல்ல முடியாது, போகலாம். வெந்த கையோடு நிற்கிறவளிடம் இரண்டு கேடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது நம்முடைய ஏற்பாடு. அதை நடத்துகிறவர்கள் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை.  அலங்காரச் சொற்கள் அத்தனையும் என்னைக் கைவிட்டன. அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும், கதவுக்கு அப்பால் இருந்த மருத்துவருக்கும் கேட்கிற குரலில், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்:

"அக்கா, நீங்க உள்ள போயி நடந்தத நடந்தபடி சொல்லுங்க. நான் கூட வாறேன். உள்ள நான் பேச மாட்டேன், பக்கத்துல நிப்பேன். நாளைக்கு உங்களுக்கு வேல இல்லேன்னு எவனாவது சொன்னா, நான் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகல. அந்தக் கம்பெனி வாசல்ல வந்து நிப்பேன். அங்கன பேசுவேன். உங்களுக்கு வேல கெடைக்கிற வரைக்கும் பேசுவேன். இத்தன பேரு சாட்சி."